பழைய தாவர நூலில் உள்ள செடியை இன்றைய வகைப்பாட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நொச்சியின் குடும்பம் எது என்று பழைய நூலைப் புரட்டினால் வெர்பினேசி என்று இருக்கும். இணையத்தில் தேடினால் லேமியேசி என்று வரும். புதிதாக வருகிறவர்கள் இரண்டில் ஒன்று தவறு என்று முடிவு கட்டி, பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் சரிதான், வெவ்வேறு வகைப்பாட்டு முறைகள் கொடுத்த பெயர்கள், அவ்வளவுதான். எந்த முறை, எந்த ஆண்டு என்று சொல்லாத குடும்பப் பெயர், ஊர் எழுதாத தெருப் பெயர் மாதிரி. கடிதம் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரும்.

லின்னேயஸ், பெந்தம்–ஹூக்கர், எங்ளர், ஹட்சின்சன், குரான்குவிஸ்ட் ஆகிய தாவரவியலாளர்களின் முறைகளில் எழுதப்பட்ட ஒரு பதிவைப் படித்து, இன்றைய ஏ.பி.ஜி. முறைக்கு (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப் என்ற ஆய்வாளர் குழு பூக்கும் தாவரங்களுக்கு வகுத்தது) மாற்றுவதற்கான வேலை வரிசை இது. வரிசையை மாற்ற வேண்டாம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரு படியைத் தாண்டிப் போனதால் வந்தவை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பூவோடு கூடிய மாதிரி வேண்டும். காய்ந்த மாதிரியாக இருந்தால் ஒரு பூவை மட்டும் எடுத்துச் சில நிமிடம் வெந்நீரில் போடுங்கள். இளகிவிடும், பிரித்துப் பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், ஒரு பிளேடு, இரண்டு ஊசி போதும்.

அப்புறம் ஒரு அட்டவணை. அதில் இந்தக் கட்டங்கள் இந்த வரிசையில் இருக்கட்டும்: நூலில் உள்ள பெயர், பெயருக்குப் பின்னால் உள்ள ஆசிரியர் சுருக்கம் (செடிக்கு அந்தப் பெயரை வைத்தவரின் பெயர்ச் சுருக்கம்), நூலும் ஆண்டும், அந்த நூல் பின்பற்றும் முறை, அதில் கொடுத்த குடும்பம், இன்று ஏற்கப்பட்ட பெயர், இன்றைய குடும்பம், ஏ.பி.ஜி. பதிப்பு. பழைய குடும்பத்துக்கும் புதிய குடும்பத்துக்கும் தனித்தனிக் கட்டம் வைப்பது முக்கியம். ஒரே கட்டம் வைத்தால் என்றாவது ஒருநாள் பழையதன் மேல் புதியதை எழுதிவிடுவீர்கள், பிறகு எங்கிருந்து வந்தோம் என்பதே தெரியாமல் போகும்.

இன்றைய பெயரைச் சரிபார்க்கக் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்’ தளமும், குடும்ப எல்லைகளைப் பார்க்க மிசௌரி தாவரவியல் தோட்டத்தின் ‘ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி வெப்சைட்’டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

2. முதலில் பெயர், பிறகுதான் குடும்பம்

குடும்பத்தைத் தேடுவதற்கு முன்னால் நூலில் உள்ள அறிவியல் பெயர் இன்றும் அதே செடியைக் குறிக்கிறதா என்று பாருங்கள். குடும்பம் பேரினத்தை, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லை, பிடித்துத் தொங்குகிறது. பேரினமே மாறியிருந்தால் குடும்பத் தேடல் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும்.

தாமரை இதற்கு நல்ல உதாரணம். லின்னேயஸ் 1753-இல் தாமரையை நிம்ஃபேயா நெலும்போ என்று, அல்லியின் பேரினத்திலேயே வைத்தார். அந்தப் பேரினத்தை அப்படியே இன்றைய தரவுத்தளத்தில் போட்டால் நிம்ஃபேயேசி வரும். ஆனால் தாமரைக்கு இன்று ஏற்கப்பட்ட பெயர் நெலும்போ நுசிஃபெரா, குடும்பம் நெலும்போனேசி. குடும்பங்களுக்கு மேல்படியான துறை இன்னும் வியப்பானது: அல்லி இருக்கும் நிம்ஃபேயேல்ஸ் அல்ல, புரோட்டியேல்ஸ். ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கிற இரண்டும் உறவில் வெகு தூரம்.

எல்லாப் பெயர் மாற்றமும் இப்படிக் குடும்பத்தை மாற்றாது. ஆவாரை பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா, இன்று சென்னா ஆரிகுலேட்டா. குடும்பம் அதேதான். ஆனாலும் தேடிப் பார்க்காமல் இது தெரியாது.

ஆசிரியர் சுருக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு செடிகளுக்கு வைத்த சம்பவங்கள் உண்டு. சுருக்கம் இல்லையென்றால் எந்தச் செடி என்று தீர்மானிக்க வழி இல்லை. இன்னொன்று: உலர்செடிக் காப்பகமான ஹெர்பேரியத்தின் தாளில் எழுதியிருக்கும் பெயரை நம்பிவிட வேண்டாம், தாளில் ஒட்டியிருக்கும் செடியையும் பாருங்கள். தவறாக அடையாளம் கண்ட செடிக்கு எவ்வளவு கவனமாக முறை மாற்றினாலும் பயன் இல்லை.

3. நூல் எந்த முறையில் நடக்கிறது?

இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். முன்னுரையில் எழுதியிருந்தால் வேலை மிச்சம். எழுதாவிட்டால் பொருளடக்கமே காட்டிக்கொடுக்கும். முதல் குடும்பம், கடைசிக் குடும்பம், ஒருவிதையிலைத் தாவரங்கள் வரும் இடம், ஊசியிலை மரங்கள் போன்ற திறந்தவிதைத் தாவரங்கள் வரும் இடம் என நான்கை மட்டும் பாருங்கள்.

மோனாண்ட்ரியா, டைஆண்ட்ரியா என்று மகரந்தத்தாள் எண்ணிக்கையில் தொடங்கினால் அது லின்னேயஸின் 24 வகுப்பு முறை.

ரனன்குலேசியில் தொடங்கி, புற்களின் கிராமினேயில் முடிந்து, திறந்தவிதைத் தாவரங்கள் இருவிதையிலைக்கும் ஒருவிதையிலைக்கும் நடுவில் செருகப்பட்டிருந்தால் பெந்தம்–ஹூக்கர். 1862 முதல் 1883 வரை மூன்று தொகுதிகளாக வந்தது, 202 குடும்பங்கள். அந்த நடுவில் செருகல்தான் தவறவே தவறாத அடையாளம்.

ஒருவிதையிலைத் தாவரங்கள் முதலில் வந்து, இருவிதையிலைப் பகுதி சவுக்கில் தொடங்கி, சூரியகாந்திக் குடும்பத்தில் முடிந்தால் எங்ளர்–பிரான்டில். ஒரு எச்சரிக்கை: எங்ளர் முறையின் 1964-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருவிதையிலைகள் முன்னுக்கு வந்துவிட்டன. அதனால் எங்ளர் என்று மட்டும் குறித்தால் போதாது, ஆண்டும் வேண்டும்.

மக்னோலியேசியில் தொடங்கி, இருவிதையிலைப் பகுதி லேபியேட்டேயில், அதாவது துளசிக் குடும்பத்தில் முடிந்தால் ஹட்சின்சன். இருவிதையிலைகள் 1926-இலும் ஒருவிதையிலைகள் 1934-இலும் வந்தன. லிக்னோசே, ஹெர்பேசியே என்ற இரண்டு பெரும் பிரிவுகள் கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்.

மக்னோலிடே, ரோசிடே, ஆஸ்டரிடே என்று துணைவகுப்புகள் வந்து, நூல் ஆர்க்கிட் குடும்பத்தில் முடிந்தால் குரான்குவிஸ்டின் 1981 முறை. அம்போரெல்லா முதலில் வந்து, ஒருவிதையிலைகள் மக்னோலியா வகைகளுக்குப் பின்னும் மற்ற இருவிதையிலைகளுக்கு முன்னும் நடுவில் நின்றால் ஏ.பி.ஜி.

சுத்தமாக ஒரே முறையில் நடக்கிற நூல் குறைவு. பெந்தம்–ஹூக்கர் வரிசையை வைத்துக்கொண்டு, குடும்பங்களை மட்டும் பிற்காலத்தவர் பிரித்தபடி பிரித்திருப்பார்கள். அப்படி இருந்தால் அட்டவணையில் “வரிசை பெந்தம்–ஹூக்கர், குடும்ப எல்லை வேறு” என்று எழுதிவையுங்கள். ஒன்றிரண்டு குடும்பங்களைச் சோதித்தாலே இது தெரிந்துவிடும். ஆலும் பலாவும் அர்ட்டிக்கேசியில் இருந்தால் அசல் பெந்தம்–ஹூக்கர். மோரேசியில் இருந்தால் பிரித்துவிட்டார்கள். பப்பாளி பாசிஃப்ளோரேசியில் இருக்கிறதா, கேரிகேசியில் இருக்கிறதா என்பதும் இதே சோதனைதான்.

4. படிநிலைச் சொற்களை மொழிபெயர்க்காமல் பொருத்துங்கள்

ஒரே சொல் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு படியைக் குறித்திருக்கிறது. பெந்தம்–ஹூக்கரில் ‘நேச்சுரல் ஆர்டர்’ என்று இருப்பதை இன்றைய ஆர்டர், அதாவது துறை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒரு படி மேலே நகர்ந்துவிடும். அது இன்றைய குடும்பம். அவர்கள் ‘கோஹார்ட்’ என்று எழுதியதுதான் இன்றைய துறைக்கு நிகர். தாவரப் பெயரிடல் விதிகளே, அந்தக் காலத்தில் ஆர்டர் என்று வெளியான இத்தகைய பெயர்களைக் குடும்பப் பெயராகவே எடுத்துக்கொள்கின்றன.

லின்னேயஸின் ‘ஆர்டோ’ இரண்டோடும் சேராது. பல வகுப்புகளில் அது வெறும் சூல்தண்டு எண்ணிக்கை. அதை எந்த இன்றைய படிக்கும் சமமாக எழுத வேண்டாம்.

இதில் ஒரு படுகுழி இருக்கிறது. லின்னேயஸின் பதினான்காம் வகுப்பான டைடைனமியாவில், அதாவது இரண்டு நீளம் இரண்டு குட்டை என நான்கு மகரந்தத்தாள் உள்ள பூக்களில், இரண்டு உட்பிரிவுகள் உண்டு: ஜிம்னோஸ்பெர்மியா, ஆஞ்சியோஸ்பெர்மியா. துளசி முதலாவதில் இருக்கிறது. “துளசி திறந்தவிதைத் தாவரமா?” என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. துளசியின் புல்லிக்குள் நான்கு சிறு மணிகள் மூடியில்லாமல் கிடப்பதுபோல் தெரியும். உண்மையில் அவை கனியின் நான்கு துண்டுகள். லின்னேயஸ் அவற்றை மூடப்படாத விதைகள் என்று எடுத்துக்கொண்டார். பைன் மரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நொச்சி பக்கத்துப் பிரிவான ஆஞ்சியோஸ்பெர்மியாவில் இருக்கிறது.

5. பூவைப் பிரித்து, பழைய முறையில் நீங்களே ஒருமுறை வைத்துப் பாருங்கள்

நேரம் பிடிக்கிற படி இதுதான். நூலில் உள்ளதை அப்படியே நம்பி அடுத்த படிக்குப் போகலாம்தான். ஆனால் இங்கே கை வைத்தவருக்குத்தான் அச்சுப்பிழையும், தவறான அடையாளமும், ஆசிரியர் செய்த விதிவிலக்கும் கண்ணில் படும்.

லின்னேயஸ் முறைக்கு. குறைந்தது மூன்று பூவையாவது எண்ணுங்கள். ஒரு பூவில் ஒரு மகரந்தத்தாள் உதிர்ந்திருந்தால் செடி ஒரு வகுப்பு தள்ளிப் போய் உட்காரும். எண்ணுவதற்கு முன் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இணைப்பு இருந்தால் எண்ணிக்கை இரண்டாம் பட்சம். செம்பருத்தியை எடுங்கள். இதழ்களைப் பிய்த்துவிட்டால் நடுவில் ஒரு குழல் நிற்கும். அதன் மேல்பாதியில் மகரந்தப்பைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பிளேடால் அந்தக் குழலை நீளவாக்கில் கீறினால் உள்ளே சூல்தண்டு தனியாக ஓடுவது தெரியும். எல்லா மகரந்தத்தாள்களும் ஒரே கட்டாக இணைந்ததால் மோனடெல்ஃபியா. இந்த வகுப்பில் உட்பிரிவு சூல்தண்டை வைத்து அல்ல, மகரந்தத்தாள் எண்ணிக்கையை வைத்து. ஆகவே மோனடெல்ஃபியா, பாலியாண்ட்ரியா. இதைப் பாலியாண்ட்ரியா என்ற பதின்மூன்றாம் வகுப்போடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

நிறைய மகரந்தத்தாள், இணைப்பு இல்லை என்றால் அடுத்த கேள்வி அவை எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது. புல்லிவட்டத்தை மெதுவாகப் பிய்த்து எடுங்கள். மகரந்தத்தாள்கள் அதோடு சேர்ந்து வந்தால் ஐகோசாண்ட்ரியா, கொய்யா அப்படி. பூவின் பாகங்களைத் தாங்கும் அடிப்பகுதியான பூத்தளத்திலேயே நின்றுவிட்டால் பாலியாண்ட்ரியா, பிரம்மதண்டு அப்படி. பிரம்மதண்டில் பூ விரியும்போதே புல்லி உதிர்ந்துவிடும் என்பதால் மொட்டைப் பிரித்துப் பாருங்கள்.

லின்னேயஸ் முறையில் வைத்துப் பார்த்தபின், அருகருகே விழுந்தவை உறவுச் செடிகள் என்று எழுதிவிடாதீர்கள். அது கண்டுபிடிக்க உதவும் அலமாரி, உறவு காட்டும் மரம் அல்ல. அவரை வகைகள் அதில் சிதறிக் கிடக்கின்றன: அவரை போன்றவை டையடெல்ஃபியாவில், காசியா டெக்காண்ட்ரியாவில், மிமோசா பாலிகேமியாவில். புளி டிரைஆண்ட்ரியாவில். புளியம்பூவில் வளமான மகரந்தத்தாள் மூன்றே மூன்றுதான், லென்ஸ் இல்லாமலே எண்ணிவிடலாம்.

பெந்தம்–ஹூக்கர் முறைக்கு. கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். பூவிதழ் இரண்டு வட்டமா, ஒரே வட்டமா? ஒரே வட்டம் என்றால் மோனோகிளாமிடியே. இரண்டு வட்டம் என்றால் அல்லிகள், அதாவது உள்வட்ட இதழ்கள், தனித்தனியா, இணைந்ததா? தனி என்றால் பாலிபெட்டலே, இணைந்தது என்றால் கேமோபெட்டலே.

பாலிபெட்டலேயில் மூன்று வரிசை. பூத்தளம் மேடாக, சூற்பைக்கு அடியில் வளையம் எதுவும் இல்லாமல் இருந்தால் தலாமிஃப்ளோரே. சூற்பைக்கு அடியில் தட்டு போன்ற வளையம் இருந்தால் டிஸ்கிஃப்ளோரே. எலுமிச்சைப் பூவில் சூற்பையின் காலடியில் பளபளப்பான மேடு ஒன்று தெரியும், அதுதான் அந்தத் தட்டு. ஒருமுறை அதைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. பூத்தளம் கிண்ணமாகி, மகரந்தத்தாள்கள் அதன் விளிம்பில் நின்றால் காலிசிஃப்ளோரே.

கேமோபெட்டலேயில் முதலில் சூற்பை கீழ்மட்டமா, அதாவது இதழ்கள் ஒட்டும் இடத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் இன்ஃபெரே. இட்லிப்பூவும் சூரியகாந்தியும் இங்கே. மேல்மட்டச் சூற்பையாக இருந்து, அதை உருவாக்கும் சூலக இலைகள் இரண்டுக்கு மேல் என்றால் ஹெட்டிரோமீரே, இரண்டு என்றால் பைகார்ப்பெல்லேட்டே. ஊமத்தை, துளசி, நொச்சி எல்லாம் கடைசியில்.

கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியும் நூலில் உள்ள இடம் வரவில்லையா? உங்கள் மேல் தவறு இல்லாமல் இருக்கலாம். அவர்களே விதியை மீறி, ஒட்டுமொத்த ஒற்றுமையைப் பார்த்து வைத்த குடும்பங்கள் உண்டு. பூசணியின் அல்லிகள் மணிபோல் இணைந்திருக்கும், ஆனாலும் குக்கர்பிட்டேசி பாலிபெட்டலேயில்தான் இருக்கிறது. காட்டாமணக்கில் அல்லி தெளிவாகத் தெரியும், ஆனாலும் யூஃபோர்பியேசி முழுவதும் மோனோகிளாமிடியேயில். இப்படி வருவதைத் தனியே குறித்துவையுங்கள், விதியை வளைத்துப் பொருத்தாதீர்கள். காகிதப்பூ மட்டும் வேறு கதை: அங்கே நிறமாக இருப்பது இதழே இல்லை, பூவடிச் செதில். இதழ் என்று நினைத்துத் தொடங்கினால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள்.

ஹட்சின்சன் முறையில் ஒரே ஒரு பொறிதான், ஆனால் பெரிய பொறி. லிக்னோசே என்றால் மரவகை, ஹெர்பேசியே என்றால் சிறுசெடிவகை என்று பெயரைப் பார்த்துக் கையில் இருக்கும் செடியை வைக்கக் கூடாது. அவர் பிரித்தது குடும்பத்தின் வழிமரபை, தனிச் செடியின் உருவத்தை அல்ல. சுண்டை புதராக, கட்டைத் தண்டோடு நிற்கும், ஆனாலும் அதன் குடும்பமான சொலானேசி ஹெர்பேசியேயில். பச்சைப்பயறு ஒரு பருவத்தில் காய்ந்துபோகும் செடி, ஆனாலும் அவரை வகைகள் லிக்னோசேயில். இந்தப் பிரிவினால்தான் நொச்சியின் வெர்பினேசி ஒரு பக்கமும் துளசியின் லேபியேட்டே மறுபக்கமும் போயின. பெந்தம்–ஹூக்கரில் இரண்டும் ஒரே கோஹார்ட்டில் அடுத்தடுத்து இருந்தவை, இன்று நொச்சியும் துளசியும் ஒரே குடும்பம். ஹட்சின்சனிடம் மட்டும் இரண்டு வெவ்வேறு பெரும் பிரிவுகளில்.

6. பேரினம் வழியாக மாற்றுங்கள், குடும்பம் வழியாக மாற்றாதீர்கள்

வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது நான் கணினியில் சுருக்கு வழி பார்த்தேன். வெர்பினேசி என்று உள்ள இடத்தில் எல்லாம் லேமியேசி என்று ஒரே சொடுக்கில் மாற்றினேன். நொச்சியும் தேக்கும் சரியாக வந்தன. சில நாள் கழித்துப் பட்டியலில் உண்ணிச்செடி லேமியேசி என்று நின்றது. அது இன்றும் வெர்பினேசியேதான். அதைத் திருத்தப் போய்ப் பார்த்தால், அலையாத்திக் காட்டு அவிசென்னியாவும் லேமியேசி ஆகியிருந்தது. அது இன்று அகாந்தேசி. பெந்தம்–ஹூக்கரின் ஒரு வெர்பினேசி இன்று குறைந்தது மூன்று குடும்பங்களுக்குப் போகிறது. பழைய கட்டத்தின் மேலேயே எழுதியிருந்ததால் எது எங்கிருந்தது என்று தெரியாமல், முழுப் பட்டியலையும் நூலோடு வைத்துத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே, படி 2-இல் கிடைத்த ஏற்கப்பட்ட பேரினத்தை எடுங்கள். அதன் இன்றைய குடும்பத்தைத் தேடுங்கள். பழைய குடும்பப் பெயரை இந்தத் தேடலுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அதிகம் சிதறிய குடும்பங்களைத் தெரிந்துவைத்தால் எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பது தெரியும். லில்லியேசிதான் இதில் முதலிடம். பழைய லில்லியேசியிலிருந்து செங்காந்தள் கோல்ச்சிகேசிக்கும், தண்ணீர்விட்டான் அஸ்பராகேசிக்கும், கற்றாழை அஸ்ஃபோடெலேசிக்கும், வெங்காயம் அமரில்லிடேசிக்கும் போய்விட்டன. யூஃபோர்பியேசியில் ஆமணக்கு அங்கேயே இருக்கிறது, கீழாநெல்லி ஃபில்லாந்தேசிக்குப் போனது. ஸ்க்ராஃபுலேரியேசியிலிருந்து நீர்ப்பிரமி பிளான்டாஜினேசிக்கும், பயிர் வேரில் ஒட்டி வாழும் ஸ்ட்ரைகா ஒரோபாங்கேசிக்கும் போயின.

ஒட்டுமொத்தமாக இணைந்த குடும்பங்களும் உண்டு. எருக்கின் அஸ்கிளபியடேசி இன்று அப்போசைனேசிக்குள். கீரை வகைகளின் கீனோபோடியேசி அமராந்தேசிக்குள். அங்கேயாவது ஒரே சொடுக்கில் மாற்றலாமா என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். டிலியேசி மால்வேசிக்குள் போனது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஆனால் பெந்தம்–ஹூக்கரின் டிலியேசியில் உருத்திராட்ச மரமும் இருந்தது. அது இன்று எலியோகார்பேசி, துறையே வேறு.

7. ஒரே பெயர், வேறு எல்லை

குடும்பப் பெயர் மாறவில்லை என்றால் மாற்றம் எதுவும் இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. வேலி இடம் மாறியிருக்கும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும்.

ஃபேபேசியைப் பாருங்கள். குரான்குவிஸ்டில் ஃபேபேசி என்றால் அவரைப்பூ வடிவம் உள்ளவை மட்டும். ஆவாரையும் புளியும் சீசல்பினியேசி, தொட்டாற்சுருங்கி மிமோசேசி. ஏ.பி.ஜி.யில் ஃபேபேசி என்றால் இந்த மூன்றும் சேர்ந்தது. குரான்குவிஸ்ட் நூலில் “ஃபேபேசி இந்தப் பகுதியில் இத்தனை பேரினங்கள்” என்று உள்ளதை இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் திடீரென்று செடிகள் பெருகிவிட்டதுபோல் தெரியும். துணைக்குடும்பம் வரை எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு கவனம்: 2017-இல் வந்த வகைப்பாட்டில் துணைக்குடும்பங்கள் ஆறு. பழைய மிமோசா கூட்டம் சீசல்பினியாய்டேக்குள் போய்விட்டது, புளி டெட்டேரியாய்டேக்கு, மந்தாரை செர்சிடாய்டேக்கு.

சில செடிகள் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்கின்றன. இலவு பெந்தம்–ஹூக்கரில் மால்வேசி. எங்ளர் வழியில் பொம்பகேசி. ஏ.பி.ஜி.யில் மறுபடி மால்வேசி. மாதுளை லித்ரேசியில் தொடங்கி, பியூனிகேசியாகி, லித்ரேசிக்கே வந்துவிட்டது. இரு முனைப் பெயரையும் பார்த்து “மாற்றம் இல்லை” என்று எழுதினால் நடுவில் உள்ள நூல்களில் அந்தச் செடியைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நேர்மாறானது எட்டுக் குடும்பங்களின் இரட்டைப் பெயர். கம்பாசிட்டே–ஆஸ்டரேசி, குரூசிஃபெரே–பிராசிகேசி, கிராமினே–போயேசி, கட்டிஃபெரே–குளூசியேசி, லேபியேட்டே–லேமியேசி, லெகுமினோசே–ஃபேபேசி, பால்மே–அரிகேசி, அம்பெல்லிஃபெரே–ஏபியேசி. இரண்டு பெயரும் விதிப்படி இன்றும் செல்லும். பெயர் மட்டும் மாறியிருப்பதை வகைப்பாட்டு மாற்றமாக எண்ணிவிட வேண்டாம். எல்லை மாறியதா என்பதைத் தனியே பாருங்கள். லேபியேட்டே–லேமியேசியில் இரண்டும் நடந்திருக்கிறது.

8. ஏ.பி.ஜி. என்றால் எந்த ஏ.பி.ஜி.?

நான்கு பதிப்புகள் உள்ளன: 1998, 2003, 2009, 2016. முதலாவதில் 462 குடும்பங்கள், நான்காவதில் 416. அதனால் பதிப்பைக் குறிக்காமல் ஏ.பி.ஜி. என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது.

வெங்காயத்தை வைத்துச் சொல்கிறேன். பெந்தம்–ஹூக்கரில் லில்லியேசி, ஏனென்றால் சூற்பை மேல்மட்டம். ஹட்சின்சன் சூற்பையைவிடக் குடைமஞ்சரிக்கு (குடைபோல் விரியும் பூங்கொத்துக்கு) மதிப்பு கொடுத்து அமரில்லிடேசிக்கு மாற்றினார். குரான்குவிஸ்ட் திரும்ப லில்லியேசியில் வைத்தார். 1998-இல் அல்லியேசி. 2003-இலும் அல்லியேசி, ஆனால் அமரில்லிடேசியையும் உள்ளே இழுத்துக்கொண்ட பெரிய அல்லியேசி. வேண்டுமானால் பிரித்தும் வைத்துக்கொள்ளலாம் என்று அடைப்புக்குறிக்குள் கொடுத்திருந்தார்கள். 2009-இல் அந்தத் தேர்வு போய், அமரில்லிடேசி என்ற ஒரே பெயர் நின்றது. 2003-க்கும் 2009-க்கும் இடையில் எழுதிய நூலில் அல்லியேசி என்று இருந்தால் அது எந்த எல்லையில் என்று உள்ளே உள்ள பேரினங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் பதிப்பின் அந்த அடைப்புக்குறிக் குடும்பங்களில்தான் குழப்பம் அதிகம். கற்றாழையும் அப்படித்தான். 2009-இல் சாந்தோரியேசி, 2016-இல் அஸ்ஃபோடெலேசி. செடிக்கூட்டம் ஏறக்குறைய அதேதான், பெயருக்கு முன்னுரிமை தந்த விதமே மாறியது.

இன்னொன்று. ஏ.பி.ஜி. துறைக்கு மேலே வகுப்பு, துணைவகுப்பு என்று பெயர் வைக்கவில்லை. ரோசிட்ஸ், ஆஸ்டரிட்ஸ் போன்றவை கூட்டங்களின் பெயர்கள்தான். உங்கள் அட்டவணையில் ‘வகுப்பு’ என்ற கட்டம் இருந்தால் ஏ.பி.ஜி. வரிசையில் அதைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் கண்ணை உறுத்துகிறது என்று குரான்குவிஸ்டிலிருந்து ஒன்றை எடுத்து நிரப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவு எந்த முறையிலும் சேராது.

9. பதிவை எழுதுவதும், தாளைத் திரும்ப வைப்பதும்

முடிந்த பதிவு இப்படி இருக்கும்: “நொச்சி, வைடெக்ஸ் நெகுண்டோ. லின்னேயஸ் 1753: டைடைனமியா, ஆஞ்சியோஸ்பெர்மியா. பெந்தம்–ஹூக்கர்: கேமோபெட்டலே, பைகார்ப்பெல்லேட்டே, லேமியேல்ஸ், வெர்பினேசி. ஹட்சின்சன்: லிக்னோசே, வெர்பினேசி. குரான்குவிஸ்ட் 1981: ஆஸ்டரிடே, லேமியேல்ஸ், வெர்பினேசி. ஏ.பி.ஜி. 2016: லேமியேல்ஸ், லேமியேசி.” ஒவ்வொன்றுக்கும் முறை முன்னால், குடும்பம் பின்னால். இந்த வரிசை பழகிவிட்டால் வெறும் குடும்பப் பெயரை எழுதக் கை வராது.

ஹெர்பேரியத் தாளில் பழைய சீட்டை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. புதிய பெயர், மாற்றியவர், தேதி ஆகியவற்றோடு ஒரு சிறு சீட்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள். பழைய சீட்டில் உள்ள கையெழுத்தும் சொற்களும் சேகரித்தவரையும் காலத்தையும் அடையாளம் காண உதவுகின்றன. வெர்பினேசி என்ற அந்த ஒரு சொல்லே, எந்த முறை நடைமுறையில் இருந்தபோது அது எழுதப்பட்டது என்பதற்குத் தடயம்.

கடைசியாக, குடும்பம் மாறியது என்பதற்காகத் தாளை வேறு அலமாரிக்கு மாற்றிவிடாதீர்கள். பல ஹெர்பேரியங்களில் அலமாரி வரிசை இன்றும் பெந்தம்–ஹூக்கர்தான். சில இடங்களில் எங்ளர் வழியில் 1900–1907-இல் டல்லா டோரேயும் ஹார்ம்ஸும் பேரினங்களுக்குக் கொடுத்த எண் வரிசை. முதலில் அந்த இடத்தின் வரிசை எது என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். கணினிப் பதிவில் நொச்சி லேமியேசியில் இருக்கட்டும், தாள் வெர்பினேசி அலமாரிக்கே போகட்டும். நல்லெண்ணத்தில் லேமியேசி அலமாரியில் வைக்கப்பட்ட ஒரு நொச்சித் தாளை நாங்கள் நான்கு மாதம் தேடினோம்.